இருபது பாகம், யார் கைக்கு? பைபிளில் பிழை உண்டா என்று கேட்கும் புதியவர்களுக்கு

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு பைபிள் இருக்கிறது. ஒன்று, பாம்பனிலிருந்து கல்யாணத்தோடு என்கூட வந்த திருவிவிலியம். இன்னொன்று, மண்டபத்தில் என் மாமனார் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் பழுப்பேறிப்போன பழைய மொழிபெயர்ப்பு. நான் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கம்; அவர்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி ஜெபத்தில் மாமனார் மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை வாசித்தார். நான் என் புத்தகத்தில் கூடவே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் வசனத்திலேயே இடித்தது. அவர் ‘தீர்க்கதரிசன ஆகமங்களில்’ என்று வாசிக்கிறார். என்னுடையதில் ‘எசாயாவின் நூலில்’ என்று இருக்கிறது. வேதத்தில் பிழையே கிடையாது என்றுதான் இரண்டு வீட்டிலும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அப்படியானால் இதில் எது பிழை?

அந்தக் கேள்வியோடு சில வருஷம் தடுமாறி, நான் கண்டுகொண்ட வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நீங்கள் இப்போதுதான் பைபிளைக் கையில் எடுத்திருக்கலாம், என்னைப்போல வேறு சபை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கலாம், இல்லை ‘பைபிளில் ஆயிரம் முரண்பாடுகள்’ என்று வாட்ஸப்பில் வந்த ஒன்றைப் படித்துவிட்டுக் கலங்கியிருக்கலாம். யாராக இருந்தாலும் முதல் படி ஒன்றுதான்.

கையில் இருப்பது எந்தப் புத்தகம்?

முதல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பொருளடக்கத்தில் 66 நூல்கள் இருந்தால் அது சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளின் பைபிள். 73 இருந்தால் கத்தோலிக்க பைபிள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய ஏழு நூல்கள் கூடுதலாக இருக்கும். ‘பைபிள் முழுவதும்’ என்று ஒருவர் சொல்லும்போது எதை முழுவதும் என்கிறார் என்பதே இங்கே மாறிவிடுகிறது. பெயர்களும் மாறும். ஒன்றில் ஏசாயா, இன்னொன்றில் எசாயா. ஒன்றில் தேவன், இன்னொன்றில் கடவுள். இதைப் பார்த்து மிரள வேண்டாம்.

முடிந்தால் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரும் படிகள் எல்லாவற்றுக்கும் இரண்டும் வேண்டும்.

உங்கள் சபை உண்மையில் என்ன சொல்கிறது?

பலர் தாண்டிப்போகும் படி இதுதான். ‘பிழையற்றது’ என்ற சொல்லை எல்லாரும் சொன்னாலும், எல்லாரும் அதே பொருளில் சொல்வதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று இறை வெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. அதன் 11-ஆம் பத்தியின் சாரம் இது: நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை விவிலியம் உறுதியாகவும் பிழையின்றியும் கற்பிக்கிறது. ‘நம் மீட்புக்காக’ என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சொல் எவ்வளவு தூரம் போகும் என்று கத்தோலிக்க அறிஞர்களே இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் அமைப்புச் சட்டம், இரட்சிப்புக்குத் தேவையான எல்லாம் வேதத்தில் அடங்கியிருக்கிறது, விசுவாசத்துக்கு அதுவே தீர்மானமான அளவுகோல் என்ற அளவில் பேசுகிறது. அந்த வாக்கியத்தில் ‘பிழையற்றது’ என்ற சொல்லே கிடையாது. என் மாமனாருக்கு இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

சுவிசேஷ சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும்தான் பொதுவாக இன்னும் இறுக்கமாகப் பேசுகின்றன. 1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சுவிசேஷ சபையார் கூடி எழுதிய உடன்படிக்கை, வேதம் ‘தான் உறுதியாகச் சொல்கிற அனைத்திலும்’ பிழையற்றது என்றது. 1978 அக்டோபரில் சிகாகோவில் கூடிய சுவிசேஷ அறிஞர்கள் 19 உறுப்புகள் கொண்ட ஓர் அறிக்கையை வெளியிட்டார்கள். சரித்திரம், இயற்கை என்று எதைப் பற்றிப் பேசினாலும் வேதத்தில் பிழை இல்லை என்பது அதன் நிலை. ஆனால் அதன் 10-ஆம் உறுப்பையும் 13-ஆம் உறுப்பையும் படிக்காமல் யாரும் அதை ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது. கண்டிப்பாகச் சொன்னால், தேவ ஆவியின் ஏவுதல் என்பது ஆசிரியர்கள் முதன்முதல் எழுதிய மூலத்துக்குத்தான் பொருந்தும் என்கிறது 10-ஆம் உறுப்பு. முழு எண்ணாக்கிச் சொல்வது, கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொல்வது, இலக்கணம் பிசகுவது இவையெல்லாம் பிழைக் கணக்கில் வராது என்கிறது 13-ஆம் உறுப்பு.

என் கீழக்கரைத் தோழி ஒருத்தி கேட்டாள்: “நாங்க குர்ஆனைப் பத்திச் சொல்றதைத்தான் நீங்க பைபிளைப் பத்திச் சொல்றீங்களா?” நல்ல கேள்வி. குர்ஆன் சொல்லுக்குச் சொல் அரபியில் இறக்கப்பட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அப்படிச் சொல்வதில்லை. மனிதர்கள் தங்கள் மொழியில், தங்கள் நினைவிலிருந்தும் விசாரணையிலிருந்தும் எழுதினார்கள், தூய ஆவி அவர்களை ஏவினார் என்பதே நம் பேச்சு. 1 கொரிந்தியர் 1:16-ஐப் பாருங்கள். ஸ்தேவானின் வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், மற்றபடி வேறு யாருக்காவது கொடுத்தேனோ தெரியாது என்று பவுல் எழுதுகிறார். ஞாபகம் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் அந்த வரியும் வேதம்தான்!

தடைக்காலத்தில் ஒரு நோட்டு

எங்கள் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வாசிக்க அதைவிட நல்ல காலம் இல்லை. லூக்கா 24 அதிகாரம், அதே ஆசிரியர் எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள் 28 அதிகாரம். மொத்தம் 52. நாளைக்கு ஒன்று வாசித்தாலும் ஒன்பது நாள் மிஞ்சும். திருவிவிலியத்தில் இரண்டாவது நூலுக்குத் திருத்தூதர் பணிகள் என்று பெயர். லூக்காவை நான் சொல்லக் காரணம், அவர் முதல் நாலு வசனத்திலேயே தன் தொழிலைச் சொல்லிவிடுகிறார்: கண்ணால் கண்டவர்கள் சொன்னதை ஆதியோடந்தமாய் விசாரித்து வரிசையாக எழுதுகிறேன் என்று.

40 பக்க நோட்டு போதும். இடிக்கிற வசனத்தை இடது பக்கத்தில் எழுதுங்கள். வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள். உடனே பதில் தேடி யூடியூப் பக்கம் ஓடாதீர்கள். முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். இவை என் கேள்விகள் அல்ல, பழங்காலத் திருச்சபையின் ஆயர் புனித அகுஸ்தீனுடையவை. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுசுக்கு அவர் எழுதிய கடிதத்தில், வேதத்தில் உண்மைக்கு மாறாக ஏதாவது கண்ணில் பட்டால், ஏட்டுப் பிரதி தப்பாக இருக்கும், அல்லது மொழிபெயர்த்தவர் பொருளைப் பிடிக்கவில்லை, அல்லது எனக்குப் புரியவில்லை என்று எடுத்துக்கொள்வேன் என்கிறார். நகலா, மொழிபெயர்ப்பா, என் புத்தியா? இந்த மூன்றையும் கேட்ட பிறகும் நிற்பதுதான் உண்மையான சிக்கல்.

பாகம் பார்ப்பது

புரிதலில் இருந்து தொடங்குவோம். அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தைக் கடலுக்குப் போன ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகும் கப்பல் புயலில் மாட்டுகிறது. பதினாலாம் ராத்திரி, கரை கிட்டே வருகிறது என்று கப்பலாட்களுக்குத் தோன்றுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் 28-ஆம் வசனம், அவர்கள் ‘விழுதுவிட்டு இருபது பாகமென்று’ கண்டார்கள், சற்று அப்பால் போய் மறுபடியும் விழுதுவிட்டுப் பதினைந்து பாகம் என்று கண்டார்கள் என்கிறது. அடுத்த வரியில் பின்னணியத்திலிருந்து, அதாவது கப்பலின் பின்பக்கத்திலிருந்து, நாலு நங்கூரம் போடுகிறார்கள்.

மாமனார் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். வல்லத்தில் கடலுக்குப் போன காலத்தில் அவரும் ஆழம் அறியக் கயிறுவிட்டுப் பாகம் பார்த்தவர். முற்றத்தில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்தார். இரண்டு கையையும் அகல விரித்து, மார்புக்குக் குறுக்கே ஒரு இழுப்பு. “ஏத்தா, இதுதான் ஒரு பாகம்.” இன்னொரு இழுப்பு. “இது ரெண்டு. என் கைக்கு இவ்வளவு. உன் புருசன் கைக்கு ஒரு சாண் கூட வரும். அதுக்காக நான் இருபதுன்னு சொன்னா அது பொய்யா?”

பிறகு நான் தேடிப் பார்த்தேன். லூக்கா எழுதிய கிரேக்கச் சொல்லும் இரண்டு கையை விரித்த நீளத்தைத்தான் குறிக்கிறது. கிட்டத்தட்ட 1.85 மீட்டர். ஆக இருபது பாகம் என்பது ஏறக்குறைய 37 மீட்டர். அது 36 ஆகவும் இருக்கலாம், 38 ஆகவும் இருக்கலாம். நங்கூரம் போடுகிறவனுக்கு அந்தக் கணக்குப் போதும். ஜேம்ஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பாய்ப்படகு ஓட்டத் தெரிந்தவர், இந்தப் பயணத்தைக் காற்று, நீரோட்டம், ஆழம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து 1848-இல் வெளியிட்டார். மால்ட்டாத் தீவுக் கரையோர ஆழங்களோடு லூக்காவின் கணக்கு ஒத்துப்போகிறது என்பது அவர் முடிவு.

ஒரு கூற்றை அது சொல்லப்பட்ட அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது எனக்கு அந்தக் கயிற்றில்தான் புரிந்தது. 1 இராஜாக்கள் 7:23-இல் சாலொமோன் செய்த வெண்கலக் கடல் தொட்டிக்குக் குறுக்களவு பத்து முழம், சுற்றளவு முப்பது முழம். பள்ளிக்கூடக் கணக்குப்படி 31.4 வர வேண்டும். இதை வைத்துப் பைபிளை மடக்கிவிட்டதாக நினைப்பவர்கள் முழத்தால் எதையும் அளந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. கடுகு எல்லா விதைகளிலும் சிறியது என்று இயேசு சொன்னதும் இந்த வகைதான்.

நகலில் வந்ததா?

அதே 27-ஆம் அதிகாரம், 37-ஆம் வசனம். கப்பலில் 276 பேர் இருந்தோம் என்று இரண்டு தமிழ்ப் பைபிளும் சொல்கின்றன. ஆனால் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, வத்திக்கான் ஏடு என்ற கிரேக்கக் கைப்பிரதியில் ‘சுமார் 76’ என்று இருக்கிறது! இருநூறு பேர் எங்கே போனார்கள்?

நம் பழைய எண்களில் ‘க’ என்றால் ஒன்று, ‘உ’ என்றால் இரண்டு அல்லவா? கிரேக்கர்களும் எழுத்துகளையே எண்ணாக எழுதினார்கள். ‘கப்பலில்’ என்ற கிரேக்கச் சொல்லின் கடைசி எழுத்தும், அதை ஒட்டி வந்த 200-க்கான எழுத்தும் சேர்ந்து ‘சுமார்’ என்ற சொல்லாகத் தெரிந்திருக்கும், மிச்சம் 76 என்று நின்றிருக்கும் என்பது ஏடுகளை ஆராய்கிறவர்கள் தரும் விளக்கம். அந்தக் காலத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதினார்கள். கண் தப்பியதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நோட்டில் எழுதுங்கள். 2 இராஜாக்கள் 8:26-இல் அகசியா ராஜாவானபோது வயது 22. பழைய மொழிபெயர்ப்பில் 2 நாளாகமம் 22:2-இல் 42. அவன் அப்பா யோராம் 32 வயதில் ராஜாவாகி எட்டு வருஷம் ஆண்டு இறந்தவன், அதாவது 40. அப்பனைவிட மகன் இரண்டு வயது மூத்தவன்! இதற்குப் பெரிய வேதாந்தம் தேவையில்லை. எங்கோ ஓர் எழுத்தர் எண்ணைத் தப்பாக எழுதினார். சிரியாக் மொழியில் வந்த பழைய மொழிபெயர்ப்பில் 22 என்றே இருக்கிறது. பிழையே இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்களும் இதை நகல் பிழை என்று பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். மூலத்துக்குத்தான் உத்தரவாதம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்களே.

‘மூலம் இப்போது யார் கையிலும் இல்லையே, இல்லாத ஒன்றுக்கு உத்தரவாதம் எதற்கு?’ என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஏடுகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட்டு மூலத்தை நெருங்க முடிகிறது என்பது அவர்கள் பதில். 1947-இல் சாக்கடல் குகைகளில் சுருள்கள் கிடைக்கத் தொடங்கியபோது, எசாயா நூலுக்கு அதுவரை கையில் இருந்த எபிரேய ஏடுகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பழைய ஏடு கிடைத்தது. எழுத்துக் கூட்டலில் நிறைய வித்தியாசம் இருந்தாலும் நூல் அதே நூலாகத்தான் இருந்தது. பதில் முழுசாகத் திருப்தி தரவில்லை என்றாலும் லேசான பதில் இல்லை.

இப்போது எங்கள் வீட்டுச் சண்டைக்கு வருவோம். மாற்கு 1:2. பழைய மொழிபெயர்ப்பு, பிற்கால ஏடுகளின் வழியில் ‘தீர்க்கதரிசன ஆகமங்களில்’ என்கிறது. திருவிவிலியம் பழமையான ஏடுகளின் வழியில் ‘எசாயா’ என்கிறது. அடுத்து வரும் மேற்கோளை எடுத்துப் பாருங்கள். அதன் முதல் பாதி மலாக்கி 3:1. இரண்டாம் பாதிதான் எசாயா 40:3. ஆக, மாற்கு ‘எசாயா’ என்றே எழுதியிருக்க வேண்டும். பின்னால் வந்த ஓர் எழுத்தர் ‘இது மலாக்கியும் அல்லவா’ என்று யோசித்து, பொதுவாகத் ‘தீர்க்கதரிசிகள்’ என்று மாற்றியிருக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்த திருத்தம். என் மாமனாரின் பைபிளில் சிக்கல் இல்லாததற்குக் காரணம், யாரோ அதை ஏற்கெனவே தீர்த்துவைத்ததுதான். சரி, மாற்கு எழுதியது தப்பா? இரண்டு தீர்க்கதரிசிகளைச் சேர்த்துச் சொல்லும்போது பெரியவர் பெயரைச் சொல்வது வழக்கம் என்கிறது ஒரு பக்கம். மாற்குக்கு ஞாபகம் பிசகியது, அதனால் நற்செய்திக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்கிறது இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள்தான்.

மொழிபெயர்ப்பில் வந்ததா?

இந்தக் கரையில் கிறிஸ்தவம் தமிழ்ப் பைபிளைவிடப் பழையது. 1549-இல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டபோதும், 1693-இல் ஓரியூரில் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டபோதும் தமிழில் அச்சடித்த புதிய ஏற்பாடு கிடையாது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்தது 1715-இல்தான் தரங்கம்பாடியில் அச்சில் முழுமையானது. அதற்குப் பிறகு எத்தனையோ கைகள் திருத்தின. அதனால் ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

‘கலிலேயாக் கடல்’ இதற்கு நல்ல உதாரணம். பெயரைக் கேட்டு மன்னார் வளைகுடா மாதிரி கற்பனை செய்திருந்தேன். 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம், நல்ல தண்ணீர்! மாற்கும் மத்தேயுவும் அதைக் கடல் என்கிறார்கள். உண்மையான கடலைத் தெரிந்த லூக்கா கிரேக்கத்தில் ஏரி என்றே எழுதுகிறார். பழைய மொழிபெயர்ப்பு அவரையும் ‘கெனேசரேத்துக் கடல்’ என்று சொல்ல வைத்துவிட்டது; திருவிவிலியம் ‘கெனசரேத்து ஏரி’ என்கிறது. வடகடலையும் தென்கடலையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஏரிக்கரை மீனவனுக்கு அதுதான் கடல்.

யோனாவை விழுங்கியது திமிங்கிலம் என்று ஞாயிறு பள்ளியில் படம் போட்டிருப்பார்கள். திமிங்கிலத்தின் தொண்டையை அளந்து வாதாடும் முன் வசனத்தைப் பாருங்கள், ‘பெரிய மீன்’ என்றுதான் இருக்கிறது. அதற்கு மேல், யோனா நூல் நடந்த சம்பவமா, பாடம் சொல்ல எழுதிய கதையா என்பதிலும் சபைகள் பிரிகின்றன. ஒரு நூலை அது எழுதப்பட்ட இலக்கிய வகையை அறிந்து படிக்க வேண்டும் என்று 1943-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதிய பிறகு கத்தோலிக்கர்களுக்கு இந்தக் கேள்வி எளிதாயிற்று. எங்கள் தெருமுனைப் பெந்தெகொஸ்தே அண்ணனிடம் இதைச் சொன்னால் ராத்திரி சாப்பாடு ஆறிவிடும்.

தீராதவை

மூன்று கேள்வியும் கேட்டு முடித்தபின் நோட்டில் சில வசனங்கள் நிற்கும். யூதாஸ் மத்தேயு 27:5-இல் நான்றுகொண்டு, அதாவது தூக்குப்போட்டுச் செத்தான். அப்போஸ்தலர் 1:18-இல் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான். தூக்குப்போட்டான், கயிறு அறுந்தது, விழுந்தான் என்று சேர்ப்பார்கள். நடந்திருக்கலாம். ஆனால் அப்படி மத்தேயுவும் சொல்லவில்லை, லூக்காவும் சொல்லவில்லை. இட்டுக்கட்டிய கயிற்றில் விசுவாசத்தைத் தொங்கவிட எனக்கு விருப்பமில்லை.

இயேசுவின் வெறுமையான கல்லறையில் பெண்கள் கண்ட தூதர் என்று மத்தேயு, மாற்கு ஒருவரைக் காட்டுகிறார்கள், லூக்கா, யோவான் இருவரைக் காட்டுகிறார்கள். இது என்னைக் கலக்கவில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி ரயில் அலையில் போனதைப் பற்றி எங்கள் ஊரில் நாலு பெரியவர்களிடம் கேட்டால் வண்டியில் இருந்தவர்களின் தொகையை நாலு விதமாகச் சொல்வார்கள். ரயில் போகவில்லை என்று ஒருவரும் சொல்லமாட்டார்.

இப்படி நிற்பவற்றை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ போங்கள். பூசை முடிந்த கூட்டத்தில் வேண்டாம், வார நாளில் சாயங்காலம் போங்கள். ‘பைபிளில் தப்பு இருக்காமே’ என்று தொடங்காமல் வசன எண்ணைச் சொல்லித் தொடங்குங்கள். சிறுமியாக இருந்தபோது நான் இப்படி ஒன்றைக் கேட்டதற்கு, கேள்வி கேட்பதே அவிசுவாசம் என்று ஒருவர் அதட்டி உட்கார வைத்தார். உங்களுக்கும் அப்படி ஆனால் இன்னொருவரிடம் போங்கள். ‘எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்’ என்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

என் நோட்டில் இப்போது நாலு வசனம் நிற்கிறது. கடைசியாக ஏறியது மாற்கு 6:8. சீஷர்களை அனுப்பும்போது கோல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் இயேசு. மத்தேயு 10:10-இலும் லூக்கா 9:3-இலும் கோலும் கூடாது. போன வாரம் மாமனாரிடம் மூன்றையும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று இடத்தையும் விரல் வைத்து இரண்டு தடவை வாசித்தார்.

“கோலு உண்டா இல்லையா மாமா?”

“தெரியலத்தா. எழுதி வை,” என்றவர், அடுத்த வசனத்துக்குப் போனார்.